பதினெட்டு ஆண்டு காத்திருந்த சொல்

ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான முதல் தரநிலை ஆவணம் 1997 ஜூனில் வந்தது. அதில் ஒரு சிறு பட்டியல் உண்டு: நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் மாறிகளுக்குச் சூட்டக் கூடாத பெயர்கள். பின்னொரு நாள் மொழிக்கே தேவைப்படலாம் என்று எடுத்துவைத்த சொற்கள் அவை. ‘இம்போர்ட்’ அந்தப் பட்டியலில் இருந்தது, கூடவே ‘எக்ஸ்போர்ட்’டும். நெட்ஸ்கேப் நிறுவனம் கையொப்பமிட்ட ஸ்கிரிப்டுகளுக்காகத் தன் பிரவுசரில் அவற்றைச் சில காலம் பயன்படுத்திப் பார்த்தது, அது நிலைக்கவில்லை. தரநிலையைப் பொறுத்தவரை, பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுப் பிடித்த இடம் மாதிரிதான் அந்தச் சொல். இடம் இருந்தது, உட்கார ஆள் வரவில்லை.

வராததற்குக் காரணம் பிறப்பிலேயே இருக்கிறது. பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். படிவத்தில் விட்டுப்போன கட்டத்தைச் சுட்டிக்காட்ட, பொத்தானை அழுத்தினால் ஏதாவது நடக்கவைக்க என்று சின்னச் சின்ன வேலைகளுக்கான மொழி அது. ஒரு பக்கத்தில் எத்தனை ஸ்கிரிப்ட் கோப்புகளைச் சேர்த்தாலும் எல்லாம் ஒரே பொது வெளியில் வந்து விழும். பத்து வரிக்கு அது போதும். 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் மேப்ஸும் வந்து, பிரவுசருக்குள்ளேயே முழு மென்பொருள் ஓடலாம் என்று காட்டியபோது அது போதவில்லை.

அந்தப் பொது வெளியில் வேலை செய்தவர்களுக்குத்தான் அதன் வேதனை தெரியும். நான் சேர்ந்த முதல் திட்டத்தில் ஒரே பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஸ்கிரிப்ட் கோப்புகள். எது முன்னால், எது பின்னால் என்ற வரிசை மாறினால் பக்கம் எழுந்து நிற்காது. அந்த வரிசைக்கான காரணம் எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒருநாள் பில் தொகை தவறாக வந்தது. தேடிப் பார்த்தால், இரண்டு பேர் இரண்டு கோப்புகளில் ஒரே பெயரில் ஃபங்ஷன் எழுதியிருந்தார்கள். பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. இரண்டு நாள் போனது. இருவர் மேலும் தவறு சொல்ல முடியாது, ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரிய வழியே இல்லை.

இதற்கான மருந்தை 1972லேயே ஒருவர் எழுதிவைத்திருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் பார்னாஸ் ஒரு சிறு நிரலை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் கடைசிக்குத் தள்ளித் தள்ளி, கிடைக்கிற எல்லா வடிவங்களையும் அகரவரிசையில் அடுக்கித் தரும் நிரல். அதை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். படிப்பது, சுழற்றுவது, அடுக்குவது, அச்சிடுவது என்று வேலை வரிசைப்படி பிரிப்பது முதல் விதம். எல்லோருக்கும் சட்டென்று தோன்றுவது அதுதான். ஆனால் வரிகளை நினைவகத்தில் எப்படி வைத்திருக்கிறோம் என்பது அந்தத் துண்டுகள் எல்லாவற்றுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வைப்பு முறையை மாற்றினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். இரண்டாவது விதத்தில், நாளை மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் மறைத்துவைத்தார். வரிகளை வைத்திருக்கும் விதம் ஒரே ஒரு மாட்யூலுக்கு மட்டும் தெரியும். மற்றவை அதன் வாசலில் நின்று கேட்டு வாங்கிக்கொள்ளும்.

ஜாவாஸ்கிரிப்டில் வாசல் கிடையாது, சுவரும் கிடையாது. ஆகவே ஊர்க்காரர்களே ஓலைத் தடுப்பு கட்டிக்கொண்டார்கள். ஃபங்ஷனுக்குள் அறிவித்த மாறி வெளியே தெரியாது என்பது மொழியின் விதி. நிரல் முழுவதையும் ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு, அடைப்புக்குறியால் சுற்றி, அங்கேயே அழைத்துவிடும் உத்தி பிறந்தது. டக்ளஸ் கிராக்ஃபோர்ட் போன்றவர்கள் அதைப் பரப்பினார்கள். மொழியின் நான்காம் பதிப்பில் இதற்கென்றே ‘பேக்கேஜ்’ ஏற்பாடு திட்டமிடப்பட்டது. 2008இல் அந்தப் பதிப்பே கைவிடப்பட்டது.

மறு ஆண்டு கெவின் டாங்கூர் தொடங்கிய முயற்சி ‘காமன்ஜேஎஸ்’ ஆனது. ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் ரயன் டாலின் நோட் அதன் மாட்யூல் வழியை எடுத்துக்கொண்டது. அங்கே ‘ரிக்வயர்’ என்று அழைத்தால் கோப்பு வந்து சேரும் வரை நிரல் நின்று காத்திருக்கும். சர்வரில் கோப்பு பக்கத்து டிஸ்கில் இருக்கிறது, காத்திருக்கலாம். பிரவுசரில் அது இணையம் தாண்டி வர வேண்டும். அதுவரை பக்கம் உறைந்து நிற்கும். அதனால் பிரவுசருக்கு ரிக்வயர்ஜேஎஸ் என்று தனி வழி, பிறகு எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும் பிரவுசரிஃபை, வெப்பேக். சில ஆண்டுகள் ஒரே நூலகத்தை இரண்டு மூன்று பாணிகளுக்கும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தோம்.

2015 ஜூனில், ஆறாம் பதிப்பில், துண்டு போட்ட இடத்துக்கு ஆள் வந்தது. ‘இம்போர்ட்’ மொழியின் சொல்லானது. தாமதமானாலும் நன்றாக யோசித்துச் செய்திருந்தார்கள். அது கோப்பின் மேல்மட்டத்தில்தான் வரலாம், நிபந்தனைக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. அதனால் நிரலை ஓட்டாமலே, படித்த மாத்திரத்தில், எது எதை நம்பி இருக்கிறது என்று கருவிகளால் சொல்ல முடியும். யாரும் கேட்காத பகுதிகளை உதிர்த்துவிடவும் முடியும். எத்தனை பேர் கேட்டாலும் ஒரு மாட்யூல் ஒரே ஒரு முறைதான் ஓடும். உள்ளே அறிவித்தது, ‘எக்ஸ்போர்ட்’ செய்தால் ஒழிய, வெளியே தெரியாது.

ஆனால் மாட்யூலைப் பிரவுசர் எப்படிக் கொண்டுவர வேண்டும் என்ற விதிகள் அப்போது முடிவாகவில்லை. நாங்கள் ‘இம்போர்ட்’ என்று எழுதினோம். பேபல் என்ற கருவி அதை ‘ரிக்வயர்’ ஆக மாற்றித் தந்தது. 2017 மார்ச்சில் சஃபாரி, செப்டம்பரில் குரோம், 2018 மே மாதத்தில் ஃபயர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றாக அந்தச் சொல்லை நேரடியாகப் புரிந்துகொள்ளத் தொடங்கின.

இன்று புதிய திட்டம் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது கோப்புகளின் தொடக்கத்தில் இருக்கும் ‘இம்போர்ட்’ வரிகளைத்தான். தேதியை வடிவமைக்கும் சிறு கோப்பு டேட்டாபேஸை ‘இம்போர்ட்’ செய்கிறதென்றால், உள்ளே படிக்காமலே கோளாறு எங்கே என்று தெரிந்துவிடுகிறது. ஆயிரம் கோப்புகளாக வெட்டிவைத்தும் ஒன்றின் குடலில் இன்னொன்று கையை விடும் திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் கோப்புகள்தான் உண்டு, மாட்யூல் ஒன்றுகூட இல்லை.

நான் பராமரிக்கும் பயன்பாட்டில் பழைய பாதி ‘ரிக்வயர்’, புதிய பாதி ‘இம்போர்ட்’. பழையது புதியதை அழைத்தால் நோட் பல ஆண்டுகள் பிழை காட்டி நிறுத்தியது. 2024 டிசம்பரில் வந்த 22.12 பதிப்பில் அந்தத் தடை தளர்ந்தது. எங்கள் பில் கணக்கிடும் கோப்பைப் பழைய பக்கத்திலிருந்து நேராக அழைத்து ஓட்டிப் பார்த்தேன். தொகை சரியாக வந்தது.