நிலநிரப்பு

நிலநிரப்பு என்பது வீட்டுக் கழிவுகளை நிலத்தடி நீர் மாசுபடாதவாறு புதைப்பதற்கென வடிவமைக்கப்படும் இடம் ஆகும். இது திறந்தவெளிக் குப்பைக் கிடங்கிலிருந்து வேறுபட்டது.

அமைப்பு

இந்தியாவின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016 இதன் அடியில் 90 செ.மீ. தடிப்புள்ள களிமண் படுகையையும், அதன்மேல் 1.5 மி.மீ. தடிப்புள்ள உயர் அடர்த்திப் பாலித்தீன் விரிப்பையும் வகுத்தன. விரிப்பின் மேலுள்ள சரளையும் துளையிட்ட குழாய்களும் கசிவுநீரைத் திரட்டிச் சுத்திகரிப்புக்கு அனுப்புகின்றன. இறுக்கப்பட்ட கழிவு நாள்தோறும் மண்ணால் மூடப்படும். கழிவு காற்றின்றி அழுகும்போது உருவாகும் மீத்தேன் வளிமம் தனிக் குழாய்களால் சேகரிக்கப்படுகிறது.

இடத்தேர்வு

நிலத்தடி நீரின் மிக உயர்ந்த மட்டம் களிமண் படுகைக்குக் குறைந்தது 2 மீட்டர் கீழே இருத்தல் வேண்டும் என அவ்விதிகள் கூறின. காரைக்கால் பகுதியிலுள்ள நெடுங்காடு போன்ற காவிரிக் கழிமுக ஊர்களில் மழைக்காலத்தில் நீர்மட்டம் தரையை நெருங்குவதால் ஆழக்குழி பொருந்தாது. தரையை உயர்த்தி மேடாக அமைக்க வேண்டும். இதனால் இங்கு மட்கும் குப்பையைப் பிரித்து உரமாக்கி, புதைக்கும் அளவைக் குறைப்பது இன்றியமையாதது.