சுனாமிகா

சுனாமிகா என்பது துணி வெட்டுத் துண்டுகளைக் கொண்டு கையால் செய்யப்படும் விரலளவான ஒரு பொம்மை ஆகும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், புதுச்சேரி நகருக்கு வடக்கே உள்ள ஆரோவிலில் இயங்கும் உபாசனா என்னும் ஆடை வடிவமைப்பு நிறுவனம் அயலிலுள்ள மீனவக் குப்பங்களின் பெண்களுக்கு இதனைச் செய்யக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா விற்கப்படுவதில்லை, அன்பளிப்பாகவே வழங்கப்படுகிறது.

பின்னணி

சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த அலைகள் அன்று காலை சோழமண்டலக் கரையைத் தாக்கின. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் ஏறத்தாழ 600 பேர் மாண்டனர். இவர்களுள் பெரும்பாலானோர் காரைக்காலைச் சேர்ந்தவர்கள். புதுச்சேரி நகரின் கடற்கரைச் சாலையை ஒட்டிய கருங்கல் தடுப்பு நகரைப் பெரிதும் காத்தது. அதற்கு வடக்கும் தெற்கும் இருந்த குப்பங்களுக்கு அத்தகைய காப்பு இல்லை.

உயிரிழப்பு இல்லாத குப்பங்களிலும் தொழில் நின்றது. படகும் வலையும் போயின. கடலுக்குச் செல்ல அச்சம் இருந்தது. பிணங்கள் மிதந்த கடலின் மீனை உண்ண மக்கள் தயங்கினர். ஆண்கள் பிடித்த மீனைக் கூடையில் சுமந்து விற்றுவந்த பெண்களுக்கு வருவாயும் இல்லை, பகற்பொழுதைக் கழிக்க வேலையும் இல்லை. நிவாரணத் திட்டங்களில் படகும் வலையும் முதலிடம் பெற்றன. பெண்களின் மீன் வணிகம் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை.

தோற்றம்

உபாசனாவை நிறுவியவர் உமா பிரஜாபதி என்னும் ஆடை வடிவமைப்பாளர். ஆடை தைக்கும் இடத்தில் வெட்டுத்துணி எப்போதும் மிஞ்சும். குப்பங்களின் பெண்களை ஒன்றாக அமரவைத்து, அத்துண்டுகளால் பொம்மை செய்யும் வேலை தொடங்கப்பட்டது. துயரத்திலிருந்து மீள உதவுவதே முதல் நோக்கம், கூலியும் கிடைத்தது. பின்னர் பெண்கள் பொம்மைகளை வீட்டிலிருந்தே செய்தனர். பெயரில் சுனாமி என்ற சொல் மறைக்கப்படாமல் இருப்பது குறிப்பிடத்தக்கது. அழிவின் பெயரையே ஒரு சிறுமிக்குச் சூட்டியது போன்ற பெயர் இது.

இப்பொம்மைக்கு ஊசி, நூல், கத்தரிக்கோல் ஆகியவையே போதும். மடியில் வைத்துச் செய்யலாம், பேசிக்கொண்டே செய்யலாம், அடுப்பு வேலைக்காக இடையில் விட்டுவிட்டும் போகலாம். துணியின் நிறம் கிடைத்த துண்டைப் பொறுத்தது என்பதால் ஒன்று போல் மற்றொன்று இராது.

விலையின்மை

பெறுபவர் விரும்பினால் நன்கொடை தரலாம். செய்தவருக்கான கூலியும் அடுத்த பொம்மைகளுக்கான செலவும் அதிலிருந்தே வரவேண்டும். இரக்கத்தைக் காட்டிப் பொருள் விற்பதை இம்முறை தவிர்க்கிறது. ஆயினும் இதில் ஓர் இக்கட்டு உண்டு: பேரிடரைப் பற்றிய நினைவு மங்கும்போது நன்கொடையும் மங்கக்கூடும், கூலியோ ஒவ்வொரு மாதமும் தேவை. இருந்தும் பல இலட்சம் சுனாமிகாக்கள் பல நாடுகளுக்குச் சென்றுள்ளன. இப்பொம்மையின் கதை சிறுவர் நூலாகவும் வெளிவந்தது.

ஊசியிலிருந்து இயந்திரத்திற்கு

உபாசனாவின் மற்றொரு முயற்சியான ஸ்மால் ஸ்டெப்ஸ், நெகிழிப் பைக்கு மாற்றாக, உள்ளங்கையில் அடங்குமாறு மடிக்கத்தக்க துணிப்பையை அறிமுகப்படுத்தியது. சுமை தாங்கும் பைக்குத் தையல் இயந்திரம் தேவை. கைத்தையல் அறிந்தவருக்கும் இது புதிய பழக்கமே. மிதி இயந்திரத்தில் முதலில் நூல் கோக்காமல் சக்கரத்தை ஒரே திசையில் ஓட்டப் பழகுவர். சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால் நூல் அறுந்துவிடும். புதிய இயந்திரத்தில் எண்ணெய்க் கறை படியும் என்பதால் முதல் தையல் கழிவுத்துணியில்தான் போடப்படும். அதே துண்டு நூலின் இறுக்கத்தையும் காட்டிவிடும்: மேல்நூல் மிகவும் இறுகினால் பாபின் நூல் மேற்பக்கத்தில் தெரியும், தளர்ந்தால் அடியில் வளையங்கள் தொங்கும். இரு நூல்களும் துணியின் நடுவே பின்னிக்கொண்டால் தையல் சரி.

புதுச்சேரியின் தையல் மரபு

பெண்களின் தையலை வருவாயாக மாற்றும் முயற்சி புதுச்சேரிக்குப் புதிதன்று. பிரான்சில் 1807-ல் தோன்றிய குளூனி புனித சூசையப்பர் சபையின் கன்னியர் 1827-ல் புதுச்சேரிக்கு வந்தனர். நகரின் பிரெஞ்சுப் பகுதியில், ரோமன் ரோலான் வீதியிலுள்ள பழைய மாளிகை ஒன்றில் இச்சபையின் பூத்தையற் கூடம் உள்ளது. இங்கு மேசைவிரிப்பு, படுக்கை விரிப்பு, கைக்குட்டை முதலியவற்றில் பெண்கள் கையாலேயே பூவேலை செய்கின்றனர். அங்கு விலை தருவது தையலின் நுணுக்கம். ஒரு விரிப்புக்குப் பல நாள் உழைப்பு வேண்டும். சுனாமிகாவுக்கு அத்தகைய தேர்ச்சி தேவையில்லை. அதற்குமுன் ஊசி பிடித்திராத மீன்காரப் பெண்ணும் செய்யத்தக்கதாக அது அமைந்தது.