உடலின் அளவும் சிறுநீர்ப்பையின் அளவும்

தில்லியிலிருந்து சென்னைக்கு இரண்டு இரவுகள் ரயிலில் கழிக்கும் நம்மவர்க்குப் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. நெடிதுயர்ந்த நண்பர் இரவில் மும்முறை எழுந்து செல்கிறார். உருவில் சிறியவரோ விடியும்வரை அயர்ந்து உறங்குகிறார். "இத்தனை பெரிய உடம்பில் இத்தனை சிறிய பையா?" என்று எவரேனும் நகைக்கத் தவறுவதில்லை. ஆடவரின் உடலமைப்புக்கும் சிறுநீர்ப்பையின் கொள்ளளவுக்கும் உண்மையில் தொடர்பு உண்டா? சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

உடலைக் கணக்குக்குள் அடக்கும் ஆசை பழமையானது. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் கட்டடக்கலை அறிஞர் விட்ருவியஸ், பாதத்தின் நீளம் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு என்று எழுதினார். 1835-இல் பெல்ஜிய நாட்டுக் கெத்தலே, வளர்ந்தோரின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுவதை எடுத்துக் காட்டினார். புறத்தே இவ்வாறு ஒழுங்கு காணப்படவே, அகத்து உறுப்புகளும் அதற்கு அடங்கும் என்று எண்ணுவது இயல்பே.

ஆயினும் சிறுநீர்ப்பை அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. 1880-களின் தொடக்கத்தில் இத்தாலியின் மொஸ்ஸோ, பெல்லக்கானி என்னும் இருவர், பையின் அழுத்தத்தை மனிதரிடமே அளந்தனர். ஒரு பேச்சோ, ஒரு தீண்டலோகூடப் பையைச் சுருங்கச் செய்வதை அவர்கள் கண்டனர். நீரின் அளவு மட்டுமன்றித் தசையின் இறுக்கமும் உந்துதலை உண்டாக்குகிறது என்பது இதனால் புலனாயிற்று. 1925-இல் ஆங்கிலேயரான பாரிங்டன், இச்செயலை ஆளும் மையம் மூளைத்தண்டில் இருப்பதைப் பூனைகளிடம் ஆராய்ந்து விளக்கினார்.

குழந்தைப் பருவத்தில் வளர்ச்சிக்கும் பைக்கும் தொடர்பு உண்டு. வயதோடு இரண்டைக் கூட்டினால் அத்தனை அவுன்சு என்பது 1983-இல் கோஃப் என்ற மருத்துவர் வகுத்த கணக்கு. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஏழு அவுன்சு, அதாவது ஏறத்தாழ 210 மில்லிலிட்டர். வளர்ந்தவர்க்கோ பொதுவாக 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அதில் பாதி நிரம்புமுன்பே முதல் உணர்வு தோன்றிவிடலாம். ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகுதி. ஆதலின் மருத்துவர்கள் உயரத்தைக் கண்டு ஊகிப்பதில்லை, அளந்தே அறிகின்றனர். ஆடவர்க்கு நடுவயதுக்குப்பின் புராஸ்டேட் சுரப்பி பருத்து வழியை நெருக்குவதும், நீரிழிவும், இரவில் பருகிய நீரும் உறக்கத்தைக் கலைப்பதில் உயரத்தைவிடப் பெரும்பங்கு கொள்கின்றன.

அடக்கி வைப்பதைப் பெருமையாகக் கருதுவோர் வானநூல் அறிஞர் டைக்கோ பிராகியின் முடிவை நினைவிற் கொள்வது நன்று. 1601 அக்டோபரில் பிராக் நகர விருந்தொன்றில், மரியாதை கருதி எழாது அமர்ந்திருந்தார். வீடு திரும்பியபின் சிறுநீர் கழிக்க இயலாது வருந்தி, பதினொரு நாளில், தமது 54-ஆம் வயதில் உயிர் நீத்தார். நஞ்சூட்டப்பட்டார் என்ற ஐயத்தால் 2010-இல் அவரது கல்லறை திறக்கப்பட்டது. பாதரசம் அவரைக் கொல்லவில்லை என்று 2012-இல் ஆய்வாளர் அறிவித்தனர்.

ஆகவே, அடுத்த பயணத்தில் நெடிய நண்பர் எழுந்தால் நகையாது வழிவிடுவோம். நாள்தோறும் அவர் அவ்வாறு எழுவாராயின், கூச்சம் விடுத்து மருத்துவரைக் காணுமாறு அன்புடன் கூறுவோம்.