பிக் ஹவுஸ் கெய்ன்ஸ்: 828 வெற்றிகளை எப்படி வாசிப்பது?

கிளாரன்ஸ் கெய்ன்ஸ் என்ற பெயரோடு அமெரிக்க விளையாட்டு உலகில் ஓர் எண்ணும் ஒட்டிக்கொண்டே வரும்: 828. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில், ஒரே கல்லூரியின் கூடைப்பந்து அணியை 1946 முதல் 1993 வரை நடத்தி அவர் ஈட்டிய வெற்றிகள் அவை. இக்கட்டுரை அந்த எண்ணை மறுக்க வரவில்லை. ஆனால் அதைத் தனியொருவரின் திறமைக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக மட்டும் பார்த்தால் பாதி வரலாறு விடுபட்டுப்போகும். அந்த வெற்றிகள் குவிந்ததிலும், பிற்பாடு அவற்றின் வேகம் தளர்ந்ததிலும் நிறப் பிரிவினைக்கும் அது தளர்ந்த விதத்துக்கும் நேரடிப் பங்கு உண்டு.

கெய்ன்ஸ் பிறந்தது 1923-ல், கென்டக்கி மாநிலத்தின் படூக்காவில். கருப்பரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் படிப்பதை 1904-லேயே சட்டம் போட்டுத் தடுத்த மாநிலம் அது. கூடைப்பந்தில் பெயர்பெற்ற கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் வாசலை அவர் மிதித்திருக்கவே முடியாது. எனவே பால்டிமோரில் கருப்பின மாணவர்களுக்கென இருந்த மோர்கன் கல்லூரிக்குப் போனார். அங்கே அவரைக் கவனிக்க வைத்தது அமெரிக்கன் ஃபுட்பால். ஏறக்குறைய 120 கிலோ எடையுள்ள உடம்பு. ‘பிக் ஹவுஸ்’ என்ற பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். படித்தது வேதியியல். பல் மருத்துவம் படிக்கும் எண்ணமும் இருந்தது.

1945-ல் வின்ஸ்டன்-சேலம் ஆசிரியர் கல்லூரிக்கு உதவிப் பயிற்சியாளராக வந்தார். மறு ஆண்டே தலைமைப் பயிற்சியாளர் ப்ரூட்டஸ் வில்சன் வேறு கல்லூரிக்குப் போய்விட, எல்லாம் 23 வயது இளைஞர் தலையில் விழுந்தது. ஃபுட்பால், கூடைப்பந்து இரண்டுக்கும் அவரே பயிற்சியாளர். விளையாட்டுத் துறைத் தலைவர், காயத்துக்குக் கட்டுப்போடுபவர், டிக்கெட் பொறுப்பாளர், வகுப்பெடுக்கும் ஆசிரியர் எல்லாம் அவரே. இதை அவரது உழைப்புக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். உண்மையில் இது மாநில அரசு கருப்பினக் கல்லூரிகளுக்கு எவ்வளவு கிள்ளிக் கொடுத்தது என்பதற்கான சான்று.

கெய்ன்ஸ் முதலில் பேர் வாங்கியது கூடைப்பந்தில் அல்ல. 1948-ல் கருப்பினக் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கமான சி.ஐ.ஏ.ஏ. அவரைச் சிறந்த ஃபுட்பால் பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தது. ஆயினும் 1949-க்குப் பின் அவர் ஃபுட்பாலை விட்டார். இதற்கு விருப்பத்தைவிடக் கணக்கே காரணமாக இருந்திருக்கும். ஃபுட்பாலுக்குப் பல பத்துப் பேர் வேண்டும். ஒவ்வொருவருக்கும் தலைக்கவசமும் தோள்கவசமும் வேண்டும். மாணவிகளே மிகுந்த ஆசிரியர் கல்லூரியில் அத்தனை பையன்களைத் திரட்டுவதே பெரும்பாடு. கூடைப்பந்துக்கு ஒரு டஜன் பேர் போதும்.

அந்த ஒரு டஜன் பேரை அவர் தேடியது வடக்கத்தி நகரங்களில். நியூவார்க்கிலிருந்து கிளியோ ஹில் வந்தார். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஏர்ல் மன்றோ. தெற்கின் பெரிய பல்கலைக்கழகங்கள் கருப்பின வீரர்களைத் தொடாத காலம். அந்தத் தீண்டாமையால்தான் இப்படிப்பட்ட வீரர்கள் சிறு கல்லூரிக்குக் கிடைத்தார்கள். 1961-ல் ஹில்லைத் தொழில்முறை அணியான செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ் வீரர் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுத்தது. அவரை ஆட வைப்பதில் உறுதியாக நின்ற பயிற்சியாளர் பால் சீமோர் அதே பருவத்தில் வேலை இழந்தார். கெய்ன்ஸ் வளர்த்த வீரனுக்கு வெளியே காத்திருந்த உலகம் அது.

1956-ல் வேக் ஃபாரஸ்ட் என்ற வெள்ளையர் கல்லூரி அதே ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஊர் ஒன்று, பந்து ஒன்று. ஆனால் இரு அணிகளும் முறைப்படி மோதிக்கொள்ள வழியில்லை. வேக் ஃபாரஸ்ட் வீரர் பில்லி பாக்கர், பிற்காலத்தில் புகழ்பெற்ற தொலைக்காட்சி வர்ணனையாளர், கெய்ன்ஸ் அணியின் ஆட்டங்களைப் பார்க்க வருவார். இரு கல்லூரி வீரர்களும் சத்தமில்லாமல் சேர்ந்து ஆடினார்கள். அந்த ஆட்டங்கள் எதுவும் 828-ல் சேரவில்லை. சட்டப் புத்தகத்துக்கு வெளியே நடந்த இந்த ஆட்டங்கள் ஆய்வாளருக்குப் பல அதிகாரபூர்வ வெற்றிகளைவிட முக்கியமானவை.

1966-67 பருவம் உச்சம். மன்றோ ஆட்டத்துக்குச் சராசரி 41.5 புள்ளிகள் எடுத்தார். கல்லூரி ஜிம் போதாமல் நகரின் நினைவு அரங்குக்கு ஆட்டங்கள் மாறின; வெள்ளையரும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தார்கள். 1967 மார்ச்சில் இண்டியானாவின் எவன்ஸ்வில்லில் நடந்த இறுதி ஆட்டத்தில் சவுத்வெஸ்ட் மிசௌரி ஸ்டேட்டை 77-74 என்று வென்றார்கள். அதில் 40 புள்ளிகள் மன்றோவுடையவை. 31 வெற்றி, ஒரே தோல்வி. கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் கூடைப்பந்துப் பட்டம் வென்ற முதல் கருப்பினக் கல்லூரி அதுதான்.

வாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அதே ஆண்டுகளில் வட கரோலினாப் பல்கலைக்கழகம் நியூயார்க்கின் கருப்பின வீரர் சார்லி ஸ்காட்டைச் சேர்த்திருந்தது. கென்டக்கிப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் அடால்ஃப் ரப்பும் 1969-ல் தம் முதல் கருப்பின வீரரை ஒப்பந்தம் செய்தார். அடுத்த மன்றோ வின்ஸ்டன்-சேலத்துக்கு வர வேண்டிய கட்டாயம் போயிற்று. வீரர்களுக்கு அது நியாயமான விடுதலை. அதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கருப்பின வீரர்களை வரவேற்ற பல்கலைக்கழகங்கள் கருப்பினப் பயிற்சியாளர்களைத் தலைமைக்கு அழைப்பதில் அதே அவசரம் காட்டவில்லை. கெய்ன்ஸ் அதன் பிறகு 26 பருவங்கள் அங்கேயே பயிற்றுவித்தார்; தேசியப் பட்டம் திரும்ப வரவில்லை. அவர் கணக்கிலுள்ள 447 தோல்விகளில் கடைசி ஆண்டுகளின் பங்கைக் கிழவரின் தளர்ச்சி என்று தள்ளிவிடுவோர் உண்டு. வீரர்கள் எங்கே போனார்கள் என்று கேட்காமல் அந்தத் தீர்ப்பை எழுத முடியாது.