மீட்பும் மகவேற்பும்

ஈடு வைத்த காணியை மீட்டல், அடகு வைத்த நகையை மீட்டல் என்பன ஈழத்துத் தமிழர் வழக்கில் நாளாந்தம் பயிலும் தொடர்கள். பிறர் கைப்பட்ட பொருளை உரிய விலை கொடுத்து மறுபடி பெறுதலே மீட்பு. கிறித்தவ சமயத்தின் நடுநாயகமாய் விளங்கும் கோட்பாடும் கொடுக்கல் வாங்கலில் வழங்கிய இச்சொல்லையே தனக்குப் பெயராகக் கொண்டது. அதன் பக்கத்திலே புதிய ஏற்பாடு மற்றொரு சொல்லையும் வைத்திருக்கிறது. தமிழ் வேதாகமம் அதனைப் புத்திர சுவிகாரம் என்று மொழிபெயர்த்தது. முன்னது சந்தைக்குரிய சொல். பின்னது வீட்டுக்குரிய சொல். இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றுசேர்ந்தன என்பதும், அவ்விணைப்பினால் பெற்றோரற்ற குழந்தைகளுக்கு விளைந்த பயன் யாது என்பதும் ஆராயத்தக்கன.

எபிரேயரின் பழைய சட்டத்தில் மீட்பவன் என்பவன் உறவினன். வறுமையால் ஒருவன் தன் நிலத்தை விற்க நேர்ந்தாலும், தன்னையே அடிமையாக விற்க நேர்ந்தாலும், மீட்கும் உரிமை நெருங்கிய இனத்தவனுக்கு உண்டென லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் கூறும். ரூத்தின் சரிதையிலே போவாஸ் நிலத்தை மீட்டதும் அவ்வுறவின் பேரிலேயே. யாத்திராகமத்தில், எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த இஸ்ரவேலரைத் தம்முடைய மூத்த மகன் என்று அழைத்தே கடவுள் விடுவிக்கிறார். ஆகவே உறவும் மீட்பும் யூதர் சிந்தனையில் ஆதியிலேயே பிணைந்திருந்தன. ஆயின் அங்கு உறவு முந்தியது, மீட்பு பிந்தியது. உறவில்லாத ஒருவனை மகனாக்கும் முறையான சடங்கொன்றை எபிரேயச் சட்டம் வகுக்கவில்லை.

அதனை நுட்பமாக வகுத்தவர்கள் உரோமர்கள். மகனை மும்முறை விற்ற தந்தை அவன்மீதுள்ள அதிகாரத்தை இழப்பான் என்பது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்த பன்னிரு பலகைச் சட்டத்தின் விதி. கொடிய தந்தையைத் தண்டிக்க எழுந்ததுபோலத் தோன்றும் இவ்விதியையே பிற்காலச் சட்ட அறிஞர்கள் மகவேற்புக்கு வாயிலாக்கினர். உரோமக் குடிமக்கள் ஐவர் சாட்சியாக நிற்பர். ஒருவர் தராசு பிடிப்பார். வெண்கலத் துண்டைத் தராசிலே தட்டி விற்பனை நடைபெறும். இவ்வாறு மும்முறை விற்றபின், ஏற்போன் நீதிபதியின் முன்னிலையில் அவனைத் தன் மகனென உரிமை கோருவான். எதிர்ப்போர் இல்லாவிடில் நீதிபதி அதனை உறுதிப்படுத்துவார். ஆக, உரோமரின் மகவேற்பு தராசையும் விலையையும் கடந்தே வீட்டுக்குள் சென்றது.

இது வெறுஞ் சடங்கன்று. ஏற்கப்பட்டவன் பழைய குடும்பத்தினின்று நீங்கிப் புதிய பெயரையும், புதிய குலதெய்வ வழிபாட்டையும், சொத்துரிமையையும் பெற்றான். கி.பி. 50இல் கிளாடியஸ் மன்னன் நீரோவைத் தன் மகனாக ஏற்றபோது, மன்னன் மகளாகிய ஒக்தேவியா சட்டப்படி நீரோவின் சகோதரியானாள். அவளையே நீரோ மணக்க வேண்டியிருந்தமையால், முதலில் அவளை வேறொரு குடும்பத்துக்கு மகளாகக் கொடுக்க நேர்ந்தது. சட்டம் படைத்த உறவு அத்துணை மெய்யாகக் கருதப்பட்டது. ஆனால் பெருங்குடியினர் இதனைக் கைக்கொண்டது அநாதைகளின் நலன் கருதியன்று. வமிசமும் பெயரும் அழியாதிருத்தற்காகப் பெரும்பாலும் வளர்ந்த ஆடவரையே அவர்கள் தெரிந்தெடுத்தனர்.

இத்தகைய உலகிலேதான் பவுல் தம் நிருபங்களை எழுதினார். கத்தோலிக்கர் முற்காலத்தில் சின்னப்பர் என வழங்கியவரும் இவரே. சுவிகாரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் ஐந்து இடங்களில் வருகிறது. மூன்று உரோமர் நிருபத்திலும், ஒன்று கலாத்தியர் நிருபத்திலும், ஒன்று பவுலின் பெயரால் வழங்கும் எபேசியர் நிருபத்திலும் உள்ளன. கலாத்தியர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் மீட்பின் நோக்கமே சுவிகாரம் என்று காட்டப்படுகிறது. அடிமையாயிருந்தவன் விலைகொடுத்து மீட்கப்படுகிறான், மகனாகிறான், மகனாதலால் வாரிசுமாகிறான். பவுல் உரோமச் சட்டத்தை மனத்திற்கொண்டாரா, எபிரேய மரபையே விரித்தாரா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுவர். இரண்டும் அவர் அறிந்தவையே.

இதன் ஆழத்தை உணர்தற்கு உரோமில் விடுதலை பெற்ற அடிமையின் நிலையை நோக்குதல் வேண்டும். விடுதலையின் பின்னரும் அவன் பழைய எசமானுக்கு மரியாதையும் பணிவிடையும் கடமைப்பட்டவன். அவனது கழுத்திலிருந்த நுகம் அகன்றது. எசமானின் பந்தியிலே மகனுக்குரிய இடம் அவனுக்குக் கிட்டவில்லை. பவுல் அந்த வாசலில் நின்றுவிடவில்லை. மீட்கப்பட்டவன் நன்றிக்கடன் தீர்க்கும் ஊழியனல்லன், வீட்டின் பிள்ளை என்றார். தகுதி நோக்கித் தெரிந்தெடுத்த உரோமரின் மகவேற்பைத் தகுதி நோக்காத அருளின் உவமையாக மாற்றினார்.

அக்காலத்தில் உவமைக்கு வெளியே, உயிருள்ள குழந்தைகள் தெருவோரங்களில் கிடந்தன. வேண்டாத சிசுவை வெளியே எறிதல் உரோம உலகில் வழக்கமாயிருந்தது. எடுத்தவர்கள் பலர் அச்சிசுக்களை அடிமைகளாகவே வளர்த்தனர். பிறந்த குழந்தையைக் கொல்லலாகாது என்று திதாக்கே எனப்படும் ஆதித் திருச்சபையின் நூல் விதித்தது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யுஸ்தீன், எறியப்பட்ட குழந்தைகள் விபசாரத்துக்காக வளர்க்கப்படுவதை எடுத்துக்காட்டிக் கண்டித்தார்.

எனினும் சட்டத்தின் போக்கு வியப்புக்குரியது. ஏறக்குறைய கி.பி. 111இல் பித்தினியா மாகாணத்தை ஆண்ட பிளினி, எறியப்பட்டு அடிமையாய் வளர்ந்தோரின் நிலை யாதென வினவ, கிறித்தவரல்லாத திராஜன் மன்னன் விடை எழுதினான். சுதந்திரராய்ப் பிறந்தோர் வளர்ப்புச் செலவைத் திருப்பிக் கொடுத்துத் தம் விடுதலையை மீட்க வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. ஆனால் கிறித்தவத்தை ஆதரித்த கொன்ஸ்தந்தீன் மன்னன் 331இல் பிறப்பித்த சட்டமோ, தந்தையின் சம்மதத்தோடு எறியப்பட்ட குழந்தையை எடுத்தவர் மகனாகவோ அடிமையாகவோ தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம் என்றது. தூக்கிய கைக்குரியவர் மனம் வைத்தால் மகன், இல்லையேல் அடிமை! எறியப்பட்ட குழந்தைகள் யாவரும் சுதந்திரரே என்று யுஸ்தீனியன் சட்டமியற்றியது 529இல்தான்.

பின்னர் ஐரோப்பாவின் பல பகுதிகளில் மகவேற்பு என்னும் சட்டமுறையே தேய்ந்து மறைந்தது. இரத்த உறவுக்கும் நிலவுரிமைக்கும் முதன்மை கொடுத்த சமுதாயத்தில், அந்நியன் வாரிசாவதை எவரும் விரும்பினாரல்லர். ஆங்கிலப் பொதுச்சட்டம் அதனை அறியவேயில்லை. ஆலயங்களிலே சுவிகாரத்தைப் பற்றிய பிரசங்கம் ஒலித்தது. நீதிமன்றங்களிலே அதற்கு இடம் இருக்கவில்லை.

அவ்விடைவெளியை ஓரளவு நிரப்பியவை அறநிலையங்கள். புளோரன்ஸ் நகரின் பட்டு வணிகர் சங்கம் மாசற்றோர் இல்லத்தை நிறுவியது. 1419இல் புருனலெஸ்கி என்னும் சிற்பாசாரியார் கட்டத் தொடங்கிய அவ்வில்லம் 1445இல் முதற் குழந்தையை ஏற்றது. இலண்டனிலே கப்பற்றலைவர் தோமஸ் கோரம் 1739இல் அரச பட்டயம் பெற, 1741இல் முதற் குழந்தைகள் அனுமதிக்கப்பட்டனர். துணித்துண்டு, நாணயம் போன்ற அடையாளங்களைத் தாய்மார் விட்டுச்சென்றனர். நிலைமை சீரடையுமாயின் அவ்வடையாளத்தைச் சொல்லிக் குழந்தையை மீட்கலாம் என்பது ஏற்பாடு. மீட்க வந்தோர் மிகச் சிலரே. குழந்தைகள் ஞானஸ்நானத்தில் புதுப் பெயர் பெற்றனர். பின்னர் பெண்கள் வீட்டு வேலைக்கும், ஆண்கள் கைத்தொழிலுக்கும் கடலுக்கும் அனுப்பப்பட்டனர். இந்நிலையங்கள் எண்ணற்ற உயிர்களைக் காத்தமை மறுக்கவொண்ணாதது. அவை கொடுத்தது மீட்பு, பெயரும் கொடுத்தன. பிள்ளை என்ற உரிமையைக் கொடுக்க அவற்றால் இயலவில்லை.

சட்டம் மெல்ல மெல்லவே திரும்பியது. 1804ஆம் ஆண்டு நெப்போலியன் சட்டக்கோவை மகவேற்பை மீண்டும் அனுமதித்ததாயினும், ஐம்பது வயது கடந்தோர் வயதுவந்தோரையே ஏற்கலாம் என்றது. குழந்தையின் நலனை நோக்கிய சட்டத்தை 1851இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலம் இயற்றியது. இங்கிலாந்தில் 1926ஆம் ஆண்டுச் சட்டம் மகவேற்பை ஏற்றது. ஏற்ற பெற்றோரின் சொத்துக்கு அப்பிள்ளை வாரிசாகும் உரிமையை 1949ஆம் ஆண்டுச் சட்டமே வழங்கியது. மகன் எனின் வாரிசு என்று பவுல் ஒரே மூச்சில் சொன்னதை, வேதத்தைச் சத்தியப் பிரமாணத்துக்குப் பயன்படுத்திய நாட்டின் சட்டம் சொல்லி முடிக்க இருபத்துமூன்று ஆண்டுகள் சென்றன.

இலங்கைக்கும் இக்கதையில் ஓர் இடமுண்டு. ஒல்லாந்தர் வழியாக இங்கு வந்த உரோம-டச்சுச் சட்டம் மகவேற்பைக் கைவிட்ட நிலையிலேயே வந்தது. உரோமரின் பெயரைத் தாங்கிய சட்டத்தில் உரோமரின் மகவேற்பு இல்லை! கண்டிச் சட்டத்திலும் யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலுமோ சுவிகாரத்துக்கு இடம் இருந்தது. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டமே நீதிமன்றக் கட்டளையால் பிள்ளையை ஏற்கும் பொதுவழியைத் திறந்தது.

ஆபத்தினின்று ஒரு குழந்தையைத் தூக்கியெடுத்தல் ஒரு நாட் செயல். அதனைத் தன் பிள்ளையென வைத்திருத்தல் ஆயுள் முழுவதும் நீளும் செயல். முன்னதில் கொடுத்தவர் கொடையாளி, பெற்றவர் கடனாளி. பின்னதில் அக்கணக்கு ஒழிந்துபோகிறது. தான் காப்பாற்றப்பட்டவன் என்பதை நாள்தோறும் நினைவூட்டும் வீட்டில் வளரும் பிள்ளை இன்னும் முழுமையாக மீட்கப்படவில்லை என்பதே இவ்விரு சொற்களையும் ஒருங்கே வைத்த மரபின் கருத்து. வீடு என்னும் ஒரே சொல்லால் இல்லத்தையும் விடுதலையையும் குறித்த தமிழர்க்கு இவ்வுண்மை புதிதன்று.