தமிழ்நாட்டு ஹாக்கியில் வீரர் ஏலமும் சம்பள விவாதமும்

ஒரு ஹாக்கி வீரருக்கு எவ்வளவு கொடுக்கலாம், யாரை விட்டுவிட்டு யாரை எடுத்திருக்க வேண்டும் என்ற வாதம் தமிழ்நாட்டு ரசிகர்களிடையே 2024 அக்டோபரில் புதிதாகச் சூடு பிடித்தது. 2017-க்குப் பிறகு நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக், அந்த மாதம் 13 முதல் 15 வரை புதுதில்லியில் மறுபடி ஏலம் நடத்தியது. ஆண்கள் பிரிவில் எட்டு அணிகள். அவற்றுள் ஒன்று சார்லஸ் குழுமத்தின் தமிழ்நாடு டிராகன்ஸ்.

தமிழ்நாட்டுக்கென்று லீக் ஹாக்கி அணி வந்தது அதுவே முதல்முறை அல்ல. 2005-இல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ் ஆடியது. 2012-இல் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ் ஆடியது. சர்வதேசக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெறாத அந்தப் போட்டி ஒரே சீசனோடு நின்றது. 2013-இல் ஹாக்கி இந்தியா லீக் தொடங்கியபோது டெல்லி, மும்பை, பஞ்சாப், ராஞ்சி, உத்தரப் பிரதேசம் என ஐந்து அணிகள்தான். ராஞ்சி ரைனோஸ் முதல் கோப்பையை வென்றது. முதல் ஐந்து சீசன்களிலும் தமிழ்நாட்டு ரசிகர்கள் அடுத்தவர் அணிகளின் ஏலக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏல விதிகள்

2024 ஏலத்தில் ஆண்கள் அணி ஒவ்வொன்றும் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 4 கோடி ரூபாய். பெண்கள் அணிக்கு 2 கோடி. ஓர் ஆண்கள் அணியில் 24 பேர். அவர்களில் 16 பேர் இந்தியர்களாகவும், அந்தப் பதினாறில் குறைந்தது நால்வர் ஜூனியர்களாகவும் இருக்க வேண்டும். மீதி எட்டு இடம் வெளிநாட்டவர்க்கு. அடிப்படை விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என மூன்று படிகளில் வைக்கப்பட்டது. உச்சவரம்பு இருப்பதால் ஒருவருக்குக் கூட்டிக் கொடுத்த ஒவ்வொரு லட்சமும் இன்னொருவரிடமிருந்து எடுத்ததுதான். வாதத்துக்கு விதை இந்த விதியில்தான் இருக்கிறது.

உச்ச விலை இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங்குக்குப் போனது: 78 லட்சம், சூர்மா ஹாக்கி கிளப். அபிஷேக் 72 லட்சத்துக்கு பெங்கால் டைகர்ஸ் அணிக்கும், ஹர்திக் சிங் 70 லட்சத்துக்கு யு.பி. ருத்ராஸ் அணிக்கும், கோன்சாலோ பெய்லாட் 68 லட்சத்துக்கு ஹைதராபாத் தூஃபான்ஸ் அணிக்கும் போனார்கள். பெண்களில் முதலிடம் உதிதா துஹான், 32 லட்சம். ஆண்களில் முதலிடத்தில் இருந்தவருக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை. உச்சவரம்பையே பாதியாக வைத்த பிறகு வேறு எப்படி வரும்?

டிராகன்ஸ் கணக்கு

டிராகன்ஸ் அணியின் மூன்று பெரிய கொள்முதல்கள் நெதர்லாந்தின் யிப் யான்சன் (54 லட்சம்), ஒடிசாவின் அமித் ரோஹிதாஸ் (48 லட்சம்), அயர்லாந்து கோல்கீப்பர் டேவிட் ஹார்ட் (32 லட்சம்). மூவருக்கும் சேர்த்து 1 கோடியே 34 லட்சம், அதாவது கையிலிருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு. மீதி 2 கோடியே 66 லட்சத்தை முழுவதும் செலவழித்தாலும் 21 பேருக்கு ஆளுக்குச் சராசரியாக 12 லட்சத்துச் சொச்சம்தான் வரும். யான்சனும் ரோஹிதாஸும் தடுப்பாட்டக்காரர்கள். இருவரும் பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையால் இழுத்து வீசும் அடி) அடிப்பவர்கள். ஒரே வேலைக்கு இரண்டு பேரா என்பது ஒரு கட்சி. முதல் ஆள் களத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கார்னர் கிடைத்தால் யார் அடிப்பது என்பது எதிர்க்கட்சி. ஹாக்கியில் ஆள் மாற்றத்துக்குக் கணக்கு வழக்கில்லை. முன்னணி வீரரும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியே வந்து போவார். ஆகவே இரண்டாம் கட்சி சொல்வதில்தான் நியாயம் அதிகம்.

டிராக் ஃபிளிக்கருக்கு இவ்வளவு விலை ஏன் என்பதற்கு 2025 பிப்ரவரி 1 அன்று ரூர்கேலாவில் நடந்த இறுதிப் போட்டியே விடை. பெங்கால் டைகர்ஸ் ஹைதராபாத்தை 4–3 என்று வென்றது. டிராக் ஃபிளிக்கர் ஜுக்ராஜ் சிங் ஒருவரே மூன்று கோல் போட்டார். விதி மாறினால் இந்த விலையும் மாறிவிடும். 2016 சீசனில், ஆட்டப் போக்கில் அடிக்கும் கள கோல் ஒன்றை இரண்டு கோலாகக் கணக்கிடும் விதியை லீக் கொண்டுவந்தது. அத்தகைய விதியில் முன்கள வீரர்களின் மதிப்பு ஏறும். டிராகன்ஸ் தன் முதல் சீசனில் அரையிறுதி வரை போய், பெங்கால் டைகர்ஸிடம் ஷூட்–அவுட்டில் தோற்று, நான்காம் இடத்தோடு திரும்பியது. ஆண்கள் போட்டி எதுவும் தமிழ்நாட்டில் நடக்காததால், சொந்த அணி ஆடியதைத் தமிழ்நாட்டில் யாரும் மைதானத்தில் பார்க்கவில்லை. 2026 ஜனவரியில் அணியின் இரண்டாம் சீசன் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் தொடங்கியபோதுதான் அந்தக் குறை தீர்ந்தது.

சம்பளம் உண்மையில் ஏறியதா?

விலை எங்கேயோ போய்விட்டது என்று பலரும் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 2012 டிசம்பரில் நடந்த முதல் ஏலம் டாலரில் நடந்தது. அதில் உச்ச விலை சர்தார் சிங்குக்கு, 78,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 42 லட்சம் ரூபாய். 2015-இல் ஜெர்மனியின் மோரிட்ஸ் ஃபூர்ஸ்டேவைக் கலிங்கா லான்சர்ஸ் 1,05,000 டாலருக்கு எடுத்தது. ஹர்மன்பிரீத்தின் 78 லட்சத்தை 2024-இன் டாலராக மாற்றினால் சுமார் 93,000 வரும். ரூபாயில் அது சாதனை. டாலரில் ஃபூர்ஸ்டேவுக்குக் கீழே. நடுவே ஓடிய ஆண்டுகளின் விலைவாசியையும் கழித்தால் ஏற்றம் இன்னும் சுருங்கிவிடும்.

பக்கத்து ஆட்டங்களைப் பார்த்தால் வித்தியாசம் கண்ணைக் குத்தும். அதே 2024 ஆகஸ்டில் தமிழ் தலைவாஸ் அணி கபடி வீரர் சச்சின் ஒருவருக்கு மட்டும் 2 கோடியே 15 லட்சம் கொடுத்தது. ஒரு முழு ஹாக்கி அணியின் உச்சவரம்பில் பாதிக்கு மேல் அது. நவம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி. ரிஷப் பந்த்துக்கு மட்டும் 27 கோடி.

வீரர் பரிமாற்றம்

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.–இல் சீசன் நடுவிலேயே வீரரைக் கொடுத்து வீரரை வாங்குவது வழக்கம். அங்கே சம்பளத் தகராறில் 2004–05 சீசன் முழுவதும் ரத்தானது. அதற்கடுத்த சீசனில் உச்சவரம்பு வந்தது. அன்று 3 கோடியே 90 லட்சம் டாலராக இருந்த வரம்பு 2025–26-இல் 9 கோடியே 55 லட்சம் டாலர். அங்கே ரசிகர்கள் ஒரு பரிமாற்றத்தை எடைபோடும்போது, வருகிறவரின் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு மீதம் என்பதுவரை பார்ப்பார்கள்.

நம் லீக்கில் பேச்சு பெரும்பாலும் 'யாரைத் தக்கவைப்பது, யாரை விடுவிப்பது' என்பதோடு நின்றுவிடுகிறது. விடுவிக்கப்பட்டவர்கள் மறுபடி ஏலத்துக்கு வருவார்கள். இரண்டாம் சீசனுக்கான சிறு ஏலம் 2025 செப்டம்பரில் நடந்தது. அதற்குப் பிறகு யு.பி. ருத்ராஸ் உரிமையாளர்கள் நிதி நிலைமையைக் காரணம் காட்டி விலகிக்கொள்ள, அந்த வீரர்கள் நடுத்தெருவில் நிற்காமல் லீக் நிர்வாகக் குழுவே ஓர் அணியாக அவர்களை இறக்கியது. ஒரு சீசன் ஆடிய அணியையே கைவிடும் நிலை என்றால், 4 கோடி உச்சவரம்பை உயர்த்தச் சொல்கிறவர்கள் வருமானம் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியிலிருந்து பார்த்தால்

சென்னைக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்றும், தெற்கே ஒரகடம், வல்லம் வடகால் என்றும் நீளும் தொழிற்பட்டையில் ஹூண்டாய், ரெனோ, ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ், சாம்சங், ஃபாக்ஸ்கான் ஆலைகள் இருக்கின்றன. பல மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள் அறை எடுத்துத் தங்கி ஷிப்ட் பார்க்கும் இடம். இங்கே சம்பளம் அன்றாடப் பேச்சு: யார் பர்மனன்ட், யார் கான்ட்ராக்ட், ஓ.டி. சேர்த்துக் கைக்கு எவ்வளவு வருகிறது.

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் 15 அன்று முடிவுக்கு வந்தது. தில்லியில் ஹாக்கி ஏலத்தின் கடைசி நாளும் அதுவே. சங்கத்துக்கு அங்கீகாரம், ஊதிய உயர்வு என்பவை தொழிலாளர் கோரிக்கைகள். சராசரிச் சம்பளம் மாதம் 25,000 ரூபாய் என்று சொல்லப்பட்டது. அந்தக் கணக்கில் ஏலத்தின் மிகக் குறைந்த அடிப்படை விலையான 2 லட்சம் எட்டு மாதச் சம்பளம். அந்த ஏலத்தைத் தொடர்ந்த சீசனில் அது ஐந்து வாரத்து ஆட்டத்துக்குக் கிடைத்தது. கேட்டவுடன் யாருக்கும் பொறாமை வரும். ஆனால் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவருக்கு அடுத்த கேள்வியும் உடனே வந்துவிடும்: மீதி 47 வாரத்துக்கு? ஏலப் பட்டியலில் அந்த 47 வாரத்தைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

துறை அணிகள்

தமிழ்நாட்டில் அந்த 47 வாரத்துக்குச் சோறு போடுவது துறை வேலைதான். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, தமிழ்நாடு காவல்துறை, வருமான வரித்துறை, ஜி.எஸ்.டி., ஏ.ஜி. அலுவலகம் ஆகியவற்றின் அணிகள் சென்னை ஹாக்கியின் முதுகெலும்பு. முருகப்பா தங்கக் கோப்பையிலும் கோவில்பட்டி லட்சுமி அம்மாள் கோப்பையிலும் இவை ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் இன்றைய ரசிகர்கள். அந்த மைதானங்களில் நல்ல ஆட்டக்காரன் ஒருவனைப் பற்றி எழும் முதல் கேள்வி 'எந்த டிபார்ட்மென்ட்?' என்பது. வேலை கிடைத்தவன் ஆட்டத்தில் நிலைப்பான். கிடைக்காதவன் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் மட்டையை வைத்துவிட்டு வேறு பிழைப்புக்குப் போய்விடுவான். வங்கிகளும் ரயில்வேயும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பது குறைந்தால் அந்த ஆண்டு நாம் இழப்பது வீரர்களை. இதை நாம் ஏல விலையைப் பேசுகிற அளவுக்குப் பேசுவதில்லை என்பது இக்கட்டுரையாளரின் வருத்தம்.

அரியலூரின் செல்வம் கார்த்தி, கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேல் இருவரும் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் உருவானவர்கள். இருவரும் 2022 மே மாதம் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிராக 1–1 என முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் கோல் கார்த்தி அடித்தது. அவர் பின்னர் டிராகன்ஸ் அணிக்கு வந்தார். மாநில அணியில் மண்ணின் மைந்தர்கள் எத்தனை பேர் என்று ரசிகர்கள் கேட்பது நியாயம். அதற்கு விதியில் ஒதுக்கீடு இல்லை. 16 பேர் இந்தியர்களாக இருந்தால் போதும். நான்கு ஜூனியர் இடங்களை உள்ளூர்ப் பையன்களைக் கொண்டு நிரப்பத் தடையும் இல்லை, அடிப்படை விலையில் எடுத்தால் பெரிய செலவும் இல்லை. 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. இரு ஊர்களிலும் செயற்கைப் புல்தரை தயாராக இருக்கிறது. அடுத்த ஏலத்துக்குள் அந்தத் தரையில் ஆடி வளரும் பையன்களில் எத்தனை பேருக்கு விடுதியில் இடமும், அதன்பின் துறையில் வேலையும் கிடைக்கின்றன என்பதைப் பொறுத்தே டிராகன்ஸ் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் கூடும்.