கீழாநெல்லி, காப்பி, மஞ்சள்: கல்லீரலுக்கு எது உதவும்?

மஞ்சள் காமாலை என்றதும் தமிழ்க் குடும்பங்களில் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. சிங்கப்பூரில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீவக புளோக்குகளின் புல்தரை ஓரங்களிலும் களையாக முளைத்துக் கிடக்கிறது.

மருந்து, மது, கொழுப்பு ஆகியவற்றைக் கல்லீரல் கையாளும்போது உயிரணுக்களைச் சிதைக்கும் மூலக்கூறுகள் உருவாகின்றன. அவற்றை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் பொருள்கள் கீழாநெல்லி, காப்பி, மஞ்சள் மூன்றிலும் உள்ளன. ஆனால், சோதனைக்குழாயில் கிடைக்கும் பலன் உடலிலும் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது.

கீழாநெல்லியின் கதையே அதற்குச் சான்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபெல் பரிசு பெற்ற பிளம்பர்க் உள்ளிட்டோர் 1988ல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கீழாநெல்லிப் பொடியை 30 நாள் உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், தாய்லாந்தில் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை.

பிறகு ஏன் ‘சாறு குடித்தேன், சரியாகிவிட்டது’ என்று பலர் சொல்கிறார்கள்? ஹெப்படைட்டிஸ் ஏ தொற்றால் வரும் காமாலை, பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். பெயர் சாற்றுக்குப் போகிறது. பித்தக்கல் அடைப்பாலும் காமாலை வரலாம். அதற்குச் சாறு குடித்துக் காத்திருப்பது ஆபத்து.

காப்பிக்கு உள்ளூர்ச் சான்று உண்டு. 63,000க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த சிங்கப்பூர்ச் சீனர் சுகாதார ஆய்வின் முடிவு 2014ல் வெளியானது. நாளுக்கு இரண்டு கப்போ அதற்கு மேலோ குடித்தவர்கள், கிருமித்தொற்று சாராத கல்லீரல் சுருக்கத்தால் இறக்கும் வாய்ப்பு 66 விழுக்காடு குறைவாக இருந்தது. ஹெப்படைட்டிஸ் பி சார்ந்த கல்லீரல் சுருக்கத்தில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஆய்வில் நம்மவர்கள் இல்லை என்பதையும், காப்பிதான் காரணம் என அது நிரூபிக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. கட்டிப்பாலும் சீனியும் சேர்ந்தால் கணக்கு மாறும். ‘கோப்பி ஓ கொசோங்’ நல்லது.

குழம்பில் போடும் மஞ்சளால் பயமில்லை. மிளகுச் சத்துடன் வரும் மஞ்சள் மாத்திரைகள் வேறு. அவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். ஒருவர் இறந்தும் போனார்.

கண் மஞ்சளானால், சிறுநீர் கருத்தால், பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனையே முதல் வேலை. சிங்கப்பூரில் எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1987ல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள், தங்களுக்குத் தொற்று உள்ளதா என ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.